இருக்கை என்று சொன்னேன்

நன்றி சொல்வதற்காக எனக்குக் கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். காசு கேட்பது வேறு பிரிவு. காசு வந்த பிறகு, தந்தவரின் மனம் குளிர்ந்திருக்கப் பார்த்துக்கொள்வதும், அவர் இன்னொரு முறை தரும்படி அந்தக் குளிர்ச்சியைக் காப்பாற்றி வைப்பதும் எங்கள் பிரிவு.

நன்றிக்குப் படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியில் நிற்பவருக்குக் கணினி தானாகவே மின்னஞ்சல் அனுப்பிவிடும். அடுத்த படிக்குப் பல்கலைக்கழகத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம். அந்தக் கையெழுத்தை ஓர் இயந்திரம் நீல மையில் போடும், கொஞ்சம் கோணலாக, மனிதர் போட்டது போலவே. அதற்கு மேல், கையால் எழுதிய அட்டை. அந்தக் கை என்னுடையது. இன்னும் மேலே போனால் மதிய விருந்து, சுவரில் பெயர், கடைசியில் கட்டடமே அவர் பெயரில். யாருக்கு எத்தனை நாளுக்குள் எந்தச் சொற்களில் நன்றி சொல்லவேண்டும் என்று ஓர் அட்டவணை உண்டு. அதை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி.

இந்த வேலையில் ஆயிரக்கணக்கானோருக்கு நன்றி எழுதியிருக்கிறேன். ஒருவருடைய முகமும் நினைவில் இல்லை, பார்க்டேலில் இருந்த அந்த அன்ரியைத் தவிர.

அவரே ஒரு நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அவர் பேசியது பாதி விளங்கவில்லை. "உன்னுடைய மொழியாக இருக்கும் போலிருக்கிறது" என்று அழைப்பை என்னிடம் தள்ளிவிட்டாள். மறுமுனையில் ஒரு வயதான பெண்குரல் ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது.

"அன்ரி, தமிழில சொல்லுங்கோ" என்றேன்.

"கடவுளே, தமிழ்ப் பிள்ளையோ!" என்றார். "பிள்ளை, என்ர மனுசன் போன வருசம் தவறிப்போனார். அவற்ர பேரில உங்கட யூனிவசிற்றிக்கு ஏதாவது செய்யவேணும். ஆரோட கதைக்கிறது?"

"என்னோடயே கதைக்கலாம் அன்ரி. நான் வீட்டுக்கு வாறன்" என்றேன்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. அறிவியல் கட்டடத்தின் பழைய விரிவுரை மண்டபத்தைப் புதுப்பித்திருந்தார்கள். வீடு கட்டி விற்கும் பெரிய முதலாளி ஒருவர் தந்த காசில் மண்டபத்துக்கு அவர் பெயர் வந்துவிட்டது. மேடைக்கு ஒருவர் பெயர், முன்கூடத்துக்கு ஒருவர் பெயர். மிஞ்சியது மண்டபத்தில் இருந்த ஆசனங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறிய பித்தளைத் தகடு பதித்து, அதில் நன்கொடையாளர் சொல்லும் பெயரைப் பொறிப்பது என்று திட்டம். முன்வரிசைகள் போய்விட்டன. நடுவரிசைகளுக்கு ஆள் வரவில்லை. நிதியாண்டு முடிய ஐந்து வாரங்கள் இருந்தன. என் மேலாளர் தினமும் காலையில் வந்து, இன்னும் எத்தனை மிச்சம் என்று கேட்பார்.

அந்த நிலையில்தான் வண்ணப் படங்கள் போட்ட கையேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் பார்க்டேலுக்குப் போனேன்.

எட்டாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. முதல் வந்த நாளிலிருந்து அதே கட்டடத்தில் இருப்பதாகச் சொன்னார். தெரிந்தவர்கள் எல்லோரும் ஸ்காபரோ, மார்க்கம் போன்ற புறநகர்களுக்கு வீடு வாங்கிப் போனபோதும் இவர்கள் போகவில்லை. அதற்குக் காரணம் கேட்டேன்.

"இவருக்கு யூனிவசிற்றி கிட்ட இருக்கவேணும். ஒரே ஸ்ரீட்காரில போயிடலாம் எண்டுவார்."

அவர் கணவர் ஊரில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவர். ஊர் முழுக்க மாஸ்டர் என்றால் அவர்தான். இங்கே வந்ததும் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறார், முதுகலை படிக்க. படித்த இடத்திலிருந்து மதிப்பெண் பத்திரம் நேரடியாக முத்திரையிட்டு வரவேண்டும் என்று இரண்டு முறையும் பதில் வந்திருக்கிறது. அந்த நாள்களில் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்து சேருவதே பெரிய காரியம். மூன்றாம் முறை அவர் விண்ணப்பிக்கவில்லை. ரெக்ஸ்டேலில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடம் வாளியும் மூடியும் வார்த்தார்.

"சனிக்கிழமை மட்டும் தன்ர நாளெண்டுவார்" என்றார் அன்ரி. "காலமை குளிச்சு, இஸ்திரி போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு உங்கட லைபிறறிக்குப் போவார். புத்தகம் வெளியில எடுக்கேலாது, இருந்து வாசிக்கலாம். நான் சாப்பிட ரெண்டு றோல்ஸ் சுத்திக் குடுத்துவிடுவன். பின்னேரம் வந்து, இண்டைக்கு என்ன வாசிச்சவர் எண்டு எனக்குச் சொல்லுவார். எனக்கு ஒரு இழவும் விளங்காது பிள்ளை. ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருப்பன்."

அலுமாரியிலிருந்து கொப்பிகளை எடுத்துக் காட்டினார். பொடி எழுத்தில் சமன்பாடுகள். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, எல்லாம் சனிக்கிழமைகள். பிள்ளைகள் இல்லை. அன்ரி ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவரின் காப்புறுதிக் காசு வந்தபோது, அதைத் தொட மனம் வரவில்லை என்றார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள அவற்ர பேர் ஒரு இடத்தில கிடக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

கையேட்டை விரித்தேன். அவரால் தரக்கூடிய காசுக்கு அதில் இருந்தது ஒன்றுதான்: நடுவரிசையில் ஓர் ஆசனம்.

அதை நான் கதிரை என்று சொல்லியிருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அதைக் கதிரை என்றுதான் சொல்வோம். இங்கே பிறந்த என் பிள்ளைகள், தமிழில் பத்துச் சொல் சேர்த்துப் பேசத் தெரியாதவர்கள், அவர்களும் அதைக் கதிரை என்றுதான் சொல்வார்கள். சீற் என்று சொல்லியிருந்தாலும் அன்ரிக்கு விளங்கியிருக்கும். ஆனால் அந்தக் கொப்பிகள் மேசையில் விரிந்து கிடந்தன. ஒரு மனிதனின் இருபத்தொரு வருடச் சனிக்கிழமைகளுக்கு முன்னால் இருந்துகொண்டு கதிரை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பௌதிகம் படிப்பிக்கிற மண்டபத்தில, அங்கிளின்ர பேரில ஒரு இருக்கை வைக்கலாம் அன்ரி" என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

"இருக்கையோ?" என்றார். "இவருக்கோ?"

"ஓம் அன்ரி."

இங்கே இருக்கும் தமிழருக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். பல்கலைக்கழகத்தில் இருக்கை என்றால் ஒரு பேராசிரியர் பதவி, அதில் ஒருவர் காலம்காலமாக இருந்து ஒரு துறையை வளர்ப்பார். தமிழுக்கு அப்படி ஓர் இருக்கை அமைக்கக் கலியாண வீடுகளில் உண்டியல் வைத்துச் சேர்த்தார்கள், வானொலியில் மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் ஒருவருக்கும் குந்தியிருக்கும் கதிரை நினைவுக்கு வராது.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, மூன்று பக்கம். ஒட்டுத்தாள் ஒட்டியிருந்த இடங்களில் அன்ரி கையெழுத்துப் போட்டார். வாசித்துச் சொல்லவா என்று கேட்டேன். "நீர் எங்கட பிள்ளைதானே, நீர் சொன்னாக் காணும்" என்றார். காசோலையை இரண்டு கையாலும் தந்தார். போகும்போது மீன் கட்லட்டைப் பேப்பரில் சுற்றி என் பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் என் மேலாளர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார்.

இரண்டு கிழமை கழித்து அன்ரி தொலைபேசி எடுத்தார். அன்று ஒரு கூட்டத்துக்குப் போக எழும்பிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, ஒரு விசயம் யோசிச்சனான். அந்த இருக்கைக்கு வாறவர் தமிழ் ஆளாத்தான் இருக்கவேணும் எண்டு நான் கேக்கமாட்டன். எந்த நாட்டு ஆளெண்டாலும் பரவாயில்லை. ஆனா கெட்டிக்காரரா இருக்கவேணும். காசு பணமில்லாத பிள்ளையளை அன்பா நடத்திறவரா இருக்கவேணும். இதை உங்கட பெரியவையளுக்குச் சொல்லுவீரோ?"

நான் கதிரையில் திரும்ப இருந்துவிட்டேன். அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. அதற்கு முன் விளங்கவில்லையா என்று என்னை நானே பல தரம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில் வருகிறது.

"சொல்லுறன் அன்ரி" என்றேன்.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. இரண்டு நாய்களை வளர்ப்பவர், எல்லோருடைய பிறந்த நாளையும் நினைவு வைத்திருப்பவர். ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தரம் பார்த்தார்.

"இதில் தெளிவாகத்தானே இருக்கிறது? அவர் கையெழுத்தும் போட்டிருக்கிறார்."

"அவருக்கு இந்த ஆங்கிலம் வாசித்து விளங்காது. நான்தான் பிழையாகச் சொல்லிவிட்டேன்."

"பிழையாக என்று ஏன் நினைக்கிறாய்? நேரில் பார்க்கும்போது அவருக்குப் பிடித்துவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். தகட்டில் பெயரைப் பார்த்ததும் அழுதுவிடுவார்கள்." பிறகு குரலைத் தாழ்த்தி, "விரும்பினால் நீயே எடுத்துச் சொல்லு. ஆனால் ஆண்டு முடிவுக் கணக்குக்குப் பிறகு சொன்னால் எல்லோருக்கும் நல்லது" என்றார்.

ஆண்டுக் கணக்கு முடிந்தது. நான் சொல்லவில்லை.

சொல்ல இன்னொரு வாய்ப்பும் வந்தது. தகட்டில் ஒரு வரிக்கு இத்தனை எழுத்துத்தான் என்று பொறிப்பவர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மாஸ்டரின் பெயர் நீளம், தகப்பன் பெயர் அதைவிட நீளம். தகப்பன் பெயரை ஒற்றை எழுத்தாகக் குறுக்கவேண்டும் என்று அன்ரிக்குச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை, அவ்வளவு சின்னப் பலகையோ?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் அன்ரி."

"அப்ப சரி. எல்லாருக்கும் எப்பிடியோ அப்பிடியே செய்யட்டும்" என்றார். "பிள்ளை, முன்னால மாஸ்டர் எண்டு போடுவினமோ?"

சரிபார்க்கப்படாத பட்டங்களைப் பொறிப்பதில்லை என்று விதி. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பல்கலைக்கழகம் அந்த மனிதரிடம் மூன்றாம் முறையாகச் சான்றிதழ் கேட்டது, இந்த முறை என் வாயால்.

மண்டபத் திறப்பு இலையுதிர் காலத்து வியாழக்கிழமை ஒன்றில், பின்னேரம் நான்கு மணிக்கு. ஒவ்வொரு ஆசன நன்கொடையாளருக்கும் இரண்டு அழைப்பு என்பது கணக்கு. அன்ரி ஒன்பது பேரோடு வந்தார். விட்பியில் இருந்து மாஸ்டரின் தம்பி தன் வான் வண்டியில் எல்லோரையும் ஏற்றி வந்திருந்தார். அவருடைய மனைவி, மாஸ்டரிடம் ஊரில் படித்த இரண்டு பேர், அவர்களின் மனைவிமார், பக்கத்து வீட்டுத் திபெத்தியக் குடும்பம். ஆண்கள் கோட் போட்டிருந்தார்கள். அன்ரி சாம்பல் நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். கையில் மடித்த காகிதம் இரண்டு.

"இது என்ன அன்ரி?"

"என்ர பேச்சு. நான் தமிழில எழுதினன், இவற்ர தம்பி இங்கிலீசில மாத்தித் தந்தவர். ஒரு மாசமா வாசிச்சுப் பழகினனான். நான் எப்ப கதைக்கவேணும் பிள்ளை? முதலோ, கடைசியோ?"

"இண்டைக்கு நேரம் குறைவு அன்ரி" என்றேன். "தலைவர்தான் எல்லாருக்காகவும் கதைப்பார்."

"பரவாயில்லை. அவர் இவரைப் பற்றிச் சொன்னாக் காணும். இவர் எங்க படிப்பிச்சவர் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

விழா தொடங்குகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

தலைவர் பேசினார். அந்தப் பேச்சை எழுதியதும் நான்தான். வீடு கட்டும் முதலாளியின் தொலைநோக்கு, அவருடைய குடும்பம், சிறு வயதில் அவருக்கு வானத்து நட்சத்திரங்களின் மேல் இருந்த ஆர்வம் என்று இரண்டு பக்கம். அந்த நட்சத்திர ஆர்வத்தை அவருடைய காரியதரிசியிடம் கேட்டு, அவர் இல்லையென்று சொல்லாததால் சேர்த்திருந்தேன். முதலாளி முன்வரிசையில் காலை நீட்டி இருந்தார். கடைசியில் ஒரு வரி வந்தது: "நமது ஆசன நன்கொடையாளர்கள் எல்லோரும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்." அறுபது எழுபது பேர் எழுந்தார்கள். மாஸ்டரின் தம்பி தட்டிச் சொன்னபோது அன்ரியும் எழுந்தார். சபை கைதட்டியது. எல்லோரும் இருந்தார்கள். அன்ரி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.

பழச்சாறும் பாலாடைக்கட்டியும் பரிமாறத் தொடங்கினார்கள். அன்ரி என்னிடம் வந்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அன்ரி."

"இருக்கையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?"

நான் பதில் சொல்வதற்குள் எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி ஆசனப் படம் அச்சிட்ட தாளோடு வந்து, சிரித்தபடி, "உங்களுடையது 'எம்' வரிசை, பதினேழு. வாருங்கள், காட்டுகிறேன்" என்றாள். பத்துப் பேரும் அவள் பின்னால் படியேறினார்கள். நானும் போனேன். 'எம்' வரிசை ஒடுக்கம். பக்கவாட்டாக நடந்துதான் போகவேண்டும். அன்ரி சேலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஆசனமாகக் கடந்து போனார். அந்தப் பெண் ஒன்றின் முதுகைத் தொட்டுக் காட்டினாள். நீலத் துணி. நடுவில் தீப்பெட்டி அளவில் தகடு.

தகட்டில் இருந்ததை மாஸ்டரின் தம்பிதான் குனிந்து வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உது கதிரை எல்லோ?"

"ஓம் அங்கிள்."

"இருக்கை எண்டெல்லோ சொன்னனீங்கள்? நாங்கள் ஊரெல்லாம் சொல்லிப்போட்டம். ஊரில பள்ளிக்கூடத்துக்கும் எழுதிப்போட்டம், மாஸ்டரின்ர பேரில கனடாவில பேராசிரியர் வரப்போறார் எண்டு."

அவர் குரல் உயர்ந்தது. நாலைந்து வரிசைக்கு அப்பால் நின்றவர்கள் திரும்பினார்கள். அன்ரி அவருடைய கையைப் பிடித்தார். "சத்தம் போடாதையும். இவர் வந்து வாசிச்ச பள்ளிக்கூடம் இது" என்றார். பிறகு என்னிடம், மெல்ல, ஒரு சாமான் விலை கேட்பது போல, "தெரிஞ்சுதான் சொன்னனீரோ?" என்று கேட்டார்.

அப்போதுதான் எங்கள் படப்பிடிப்பாளர் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டுச்சேலையைக் கண்டதும் அவருக்கு உற்சாகம். "அற்புதம்! அம்மா, அதில் உட்காருங்கள். கையைத் தகட்டில் வையுங்கள். இங்கே பாருங்கள், சிரியுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். அந்நியர் ஒருவர் மரியாதையாகக் கேட்டால் மறுக்கத் தெரியாத தலைமுறை அது. அன்ரி அதில் இருந்தார். கையைப் பின்னுக்கு வளைத்துத் தகட்டைத் தொட்டார். சிரித்தார். கமரா மின்னியது; இன்னும் இரண்டு தரம் சிரிக்கச் சொன்னார். சிரித்தார்.

வான் புறப்படும்வரை நான் வாசலில் நின்றேன். திபெத்தியக் குடும்பத்து மனிதர் மட்டும் எனக்குக் கை காட்டினார்.

அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. அது உண்மை. நன்கொடையாளருக்கு ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கைப் புத்தகத்தில் முழுப்பக்கம் கொடுத்தார்கள். படத்துக்குக் கீழே அவர் சொன்னதாக ஒரு மேற்கோள் வேண்டும் என்று மேலாளர் கேட்டார். இந்தத் தொழிலில் மேற்கோளை நாங்கள் எழுதுவோம், நன்கொடையாளர் சம்மதிப்பார். அதுதான் வழக்கம். "என் கணவருக்கு இங்கே கடைசியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது" என்று எழுதினேன். சம்மதம் கேட்கவேண்டிய இடத்தில், கேட்டாயிற்று என்று குறித்தேன். அந்த வரியை வாசித்து அலுவலகத்தில் இரண்டு பேர் கண்கலங்கினார்கள்.

புத்தகம் அச்சாகி வந்த பிறகு, தலைவரின் நன்றிக் கடிதத்தையும் சட்டம் போட்ட படத்தையும் எடுத்துக்கொண்டு பார்க்டேலுக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஏன் போனேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு என்று ஸ்ரீட்காரில் நினைத்துக்கொண்டேன்.

அன்ரி கதவைத் திறந்தார். "வாரும்" என்றார். தேத்தண்ணி தந்தார். படத்தைப் பார்த்தார், சுவரோடு திருப்பிச் சாத்தி வைத்தார். பிறகு உள்ளே போய் அந்த மூன்று பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதை வாசியும். தமிழில. ஒரு சொல்லும் விடாமல்."

வாசித்தேன். அரை மணித்தியாலம் எடுத்தது. இந்த முறை கதிரை என்றே சொன்னேன், வந்த இடமெல்லாம். கதிரையின் ஆயுள் முடியும்வரை தகடு இருக்கும் என்று இருந்தது. கதிரை பழுதாகி மாற்றப்பட்டால் பல்கலைக்கழகத்துக்குப் பொறுப்பில்லை என்றும் இருந்தது. அன்ரி ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை.

"முதல் நாள் இதை இப்பிடி வாசிச்சிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன் தெரியுமோ?" என்றார் முடிவில்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி."

"சரி, கதிரையாவது கிடக்கட்டும் எண்டு சொல்லியிருப்பன். சந்தோசமாக் காசு தந்திருப்பன். எனக்கு அது போதும். நீர் அதை எனக்குத் தரேல்லை."

நான் அழுதேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லவில்லை, எழும்பவும் இல்லை.

"அந்தப் பேரைக் கழட்டுவியும்" என்றார். "காசு வேண்டாம். பேரை மட்டும் கழட்டித் தாரும். ஆக்கள் முதுகு சாய்க்கிற இடத்தில அவற்ர பேர் கிடக்க வேண்டாம்."

செய்விப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். மேலாளரிடம் கேட்டேன். அவர் உண்மையிலேயே குழம்பிப் போனார். "ஆனால் படத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்!" என்றார். புத்தகம் எல்லோருக்கும் போய்விட்டது, இப்போது அந்தத் தகட்டை எடுத்தால் யாராவது தேடிப் போய்ப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார். எடுத்தால் திருகாணித் துளை இரண்டு தெரியும் என்றும் சொன்னார். ஒரு நாள் யோசித்துவிட்டு, தாராளமான ஒரு யோசனையோடு வந்தார்: முன்னால் 'சி' வரிசையில் ஒரு ஆசனம் காலியாகியிருக்கிறது, மேலதிகக் காசில்லாமல் அங்கே மாற்றிக் கொடுக்கலாம்.

அந்தக் கடிதத்தையும் நானே எழுதினேன். தங்கள் உணர்வுகளை நாங்கள் ஆழமாக மதிக்கிறோம் என்று தொடங்கும். அடியில் இயந்திரம் நீல மையில் கையெழுத்துப் போட்டது. இரண்டு கிழமையில் மாஸ்டரின் தம்பி தொலைபேசி எடுத்தார். கோபம் இல்லாத குரல்.

"தங்கச்சி, அண்ணி சொல்லச் சொன்னவ. இனி ஒண்டும் அனுப்பவேண்டாமாம். முன்னுக்கும் வேண்டாம், பின்னுக்கும் வேண்டாம்."

"நான் அன்ரியோட ஒருக்கா கதைக்கலாமோ?"

"அவ பக்கத்திலதான் இருக்கிறா" என்றார். அன்ரியிடம் கேட்டுவிட்டு, "இல்லை, வேண்டாமாம்" என்றார்.

அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது சுவரில் பெயர் வரும் அளவுக்குத் தருபவர்களை மட்டும் பார்க்கிறேன். அவர்களில் எங்கள் ஆட்களும் சிலர் உண்டு. அவர்களோடு ஆங்கிலத்தில் பேசுகிறேன், அவர்களும் அதையே விரும்புகிறார்கள். ஒப்பந்தத்தை அவர்களுடைய வழக்கறிஞர்கள் வரிக்கு வரி வாசிக்கிறார்கள். அந்த மண்டபத்துக்கு வேலையாக மூன்று நான்கு தரம் போயிருக்கிறேன். மேடைக்குப் பக்கத்துக் கதவால் உள்ளே போய், அதே கதவால் வெளியே வந்துவிடுவேன். மேலே ஏறிப் போனதில்லை.

போன கோடையில் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் அன்ரியைக் கண்டேன். மீன் வெட்டும் இடத்தில் எனக்கு முன்னால் நின்றார். மெலிந்து போயிருந்தார். மீன் வெட்டுபவரிடம், "தம்பி, பாரையைத் துண்டு போடும், தலையை எறியாதையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையை வாங்கித் திரும்பியபோது என்னைக் கண்டார். கண்டுகொண்டார் என்பது நிச்சயம்.

"அன்ரி, எப்பிடி இருக்கிறியள்?" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு கவனமாக, ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஐ ஆம் வெரி ஃபைன், மிஸ். தாங்க் யூ ஃபோர் ஆஸ்கிங்."

நான் இன்னொரு முறை தமிழில் ஏதோ தொடங்கினேன். அவர் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார், வேற்று மொழிக்காரர் ஒருவர் பேசும்போது மரியாதைக்காகக் காத்திருப்பவர் போல. நான் நிறுத்தியதும், "ஹாவ் எ நைஸ் டே" என்றார். பையைத் தள்ளுவண்டியில் வைத்தார். மரக்கறிப் பக்கம் போனார். அங்கே யாரோ தெரிந்த பெண்ணைக் கண்டு, "எடி, நீ எப்ப வந்தனி?" என்று அவர் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"அக்கா, உங்களுக்கு என்ன மீன்?" என்று கேட்டார் வெட்டுபவர். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். நான் விலகி அவர்களுக்கு இடம் விட்டேன்.